மூன்றாவது ஓட்டக்காரி

டெல்ரோஸின் கார் கல்லூரி வாசலில் திரும்பியபோது பிற்பகல் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. செம்மண் சேறாகிச் சக்கரங்களில் அப்பிக்கொண்டு வந்தது. விடுமுறைக் காலமாதலால் வாசலில் காவலாளிகூட இல்லை. மாமரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மைதானத்துக்கு அப்பால் மலைச் சரிவிலிருந்து மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஜமைக்காவின் அந்த மேட்டு நிலத்தில் மழைக்குப் பின்னால் பனி வருவது புதிதில்லை. கடற்கரையில் வெயில் கொளுத்தும். இங்கே அடுத்த வீட்டு ஆடு கண்ணுக்குத் தெரியாது.

"இறங்குடி ராணி," என்றாள் டெல்ரோஸ். "கதவைத் திறந்துவிடத் தனியா ஆள் வரணுமா? ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனதிலிருந்து உனக்குக் கால் தரையில படமாட்டேங்குது."

"சேறுடி. செருப்பு புதுசு," என்றாள் ஜசிந்த்.

"சேத்துல ஓடித்தானே மெடல் வாங்கினே. அப்ப செருப்பே இல்ல."

பின்னிருக்கையில் இருந்த வின்சோம் குலுங்கிச் சிரித்தாள். தோழி கார்மெட்டாவின் சாவுக்கென்றே டொராண்டோவிலிருந்து வந்திருந்தாள். குளிர்நாட்டில் உடம்பு பெருத்து, முழங்கால் இரண்டும் வீங்கி, காரிலிருந்து இறங்கவே கைப்பிடி தேட வேண்டியிருந்தது.

இந்த மூவரையும் சேர்த்து நால்வர், முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஆசிரியர் கல்லூரிக்காகத் தொடரோட்டம் ஓடியவர்கள். டெல்ரோஸ் தொடங்குவாள், வின்சோம் குச்சியை வாங்குவாள். மூன்றாவதாக, வளைவில் ஓடுகிறவள் கார்மெட்டா. கடைசியாக நேர்ப்பாதையில் ஓடி எல்லைக்கோட்டைத் தொடுகிறவள் ஜசிந்த். தீவின் கல்லூரிகளையெல்லாம் வென்ற வருஷம், பத்திரிகையில் ஜசிந்தின் படம்தான் வந்தது. கடைசியாக ஓடுகிறவளின் படம்தானே வரும்? ஆனால் அந்த ஓட்டத்தை ஜெயித்தது வளைவில்தான் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஐந்தாவதாக வந்துகொண்டிருந்த குச்சியை முதலாவதாகக் கொண்டுவந்து ஜசிந்தின் கையில் வைத்தவள் கார்மெட்டா. கடைசி வருஷம் அவள் அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார். அவள் படிப்பை விட்டுவிட்டு நிலத்துக்குப் போனாள். அப்புறம் சந்தையில் வெங்காயத்தாளும் ஓமத்தழையும் விற்றாள். சர்க்கரை நோய் வந்தது, காலில் புண் வந்தது. இப்போது அவளும் போய்விட்டாள்.

அன்று அவளுடைய ஒன்பதாம் இரவு. செத்தவரின் ஆவி எட்டு நாளும் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்பதாம் இரவு ஊர் கூடிப் பாடி, மீனும் ரொட்டியும் ஆட்டுக்குழம்பும் சாப்பிட்டு, கட்டைகளை அடித்து டாமினோ ஆடி, சிரிக்கச் சிரிக்க அவரைப் பற்றிப் பேசி, நல்லபடியாக வழியனுப்பிவிட வேண்டும். அங்கே தோழிகள் சார்பில் பேசப்போகிறவள் ஜசிந்த். அதற்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே, மைதானத்தில் ஒரு காரியம் பாக்கி இருந்தது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். சேர்ந்து ஓடிய நால்வரில் ஒருத்தி போய்விட்டால், மற்ற மூவரும் வந்து அந்த ஓட்டத்தை நடந்தே முடிப்பார்கள். போனவளின் பங்கைக் காலியாக விடுவார்கள். அவள் நிற்கும் கோட்டில் குச்சியைத் தரையில் கிடத்திவிட்டு வந்துவிட வேண்டியது. அவளிடமிருந்து வாங்க வேண்டியவள், ஓடும் நாளில் நிற்பதுபோலவே முன்னால் பார்த்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டி நிற்பாள். யாரும் வரமாட்டார்கள். வெறுங்கையோடு அவள் எல்லைக்கோட்டைத் தாண்டினால், போனவளுக்கு விடை கொடுத்ததாக அர்த்தம்.

வெறுங்கையோடு நடக்க வேண்டியவள் ஜசிந்த்.

மைதானத்து ஓரம் தகரக்கொட்டகையில் கார்மெட்டாவின் அக்கா காத்திருந்தாள். மிஸ் ஓரா என்றுதான் ஊரில் எல்லோரும் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டிய ஒல்லியான மனுஷி. தலையில் கறுப்புத் துணி, மடியில் ஒரு வெள்ளை ரம் புட்டி. எழுந்து வந்து மூவரையும் கட்டிக்கொண்டாள். ஜசிந்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம்.

"மெத்தையைத் தூக்கிச் சுவர்ல சாச்சுட்டு வந்தேன்," என்றாள். "கட்டிலைத் திருப்பிப் போட்டாச்சு. கண்ணாடியை மூடியாச்சு. ராத்திரி வந்து பாத்தா அவளுக்கு அது தன் அறைன்னே தெரியக் கூடாது. அப்பத்தான் போவா."

"போயிடுவா மிஸ் ஓரா. சந்தோஷமாப் போவா," என்றாள் வின்சோம்.

"போகணும். அதுக்குத்தான் இத்தனையும். இங்க ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க." கிழவி குரலைத் தாழ்த்தினாள். "பனி இறங்குது. குரல் ஏதாச்சும் கேட்டா, யாரும் பதில் குடுக்காதீங்க. திரும்பியும் பாக்காதீங்க. உயிரோட இருக்கிறவங்க மூணு தடவ கூப்பிடுவாங்க. செத்தவங்களுக்கு ஒரு தடவ கூப்பிடத்தான் மூச்சு. அதுக்குப் பதில் குடுத்துட்டா, குடுத்தவங்க பின்னாலதான் வருவாங்க."

"எங்களுக்கு அதைச் சொல்லணுமா?" டெல்ரோஸ் சிரித்தாள். "திரும்பிப் பாக்கிற ஓட்டக்காரி தோத்தவன்னு கோச் காதைத் திருகித் திருகிச் சொல்லியிருக்காரே. இன்னும் வலிக்குது."

மிஸ் ஓராவும் சிரித்தாள். பிறகு ஜசிந்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை அவ பாத்தா, தெரியுமா டீச்சர்? சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால. பஸ் ஸ்டாண்டுல."

ஜசிந்த் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னா. 'ஜசியைப் பாத்தேன்கா. எவ்வளவு அழகா உடுத்தியிருந்தா! கூப்பிட்டேன், சந்தை இரைச்சல்ல அவளுக்குக் கேக்கல. முதுகைத்தான் பாத்தேன். அதே நிமிந்த முதுகு. திரும்பவே மாட்டா. அதனாலதான்கா நாங்க ஜெயிச்சோம்'னு." கிழவி அவள் முகத்தையே பார்த்தாள். "கேக்கலைதானே, டீச்சர்?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

அன்று ஜசிந்தோடு கல்வி அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். பள்ளிக்கு ஒரு புதுக் கட்டிடம் கேட்டு, அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். சந்தைப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஜசீ!" கண்ணின் ஓரத்தில் அவளும் தெரிந்தாள். ரப்பர் பூட்ஸ், அதில் ஒன்றைக் கத்தியால் கீறித் திறந்து, உள்ளே அழுக்குக் கட்டுப்போட்ட கால். தலையில் வெங்காயத்தாள் கூடை. "ஏ ஜசீ!" பிறகு மறுபடியும், மூச்சு வாங்க, "ஜசிந்த்!" அதிகாரி அம்மாள் நின்று, "உங்களையா கூப்பிடறாங்க?" என்று கேட்டாள். ஜசிந்த் நடையைக் குறைக்காமல் சொன்னாள்: "என்னை இல்ல. யாரோ."

அந்த "யாரோ"வைத்தான் இரண்டு வாரமாக அவள் விழுங்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதைத் துப்ப இடம் கிடைத்தது. கிழவியின் கை அவள் கைமேல் இருந்தது. வின்சோமும் டெல்ரோஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கல, மிஸ் ஓரா," என்றாள் ஜசிந்த்.

கிழவி தலையாட்டினாள். கையை எடுத்துக்கொண்டு, புட்டியைத் திறந்து, கொட்டகையின் நான்கு மூலையிலும் ரம்மைத் தெளித்தாள். அந்தக் காரமான வாசனை ஈரப் புல்லோடு சேர்ந்து எழுந்தது.

அவரவர் இடத்துக்குப் போனார்கள். ஜசிந்த் வளைவு முடிகிற இடத்தில், எல்லைக்கோட்டுக்கு நேராக முதுகை நிமிர்த்தி நின்றாள். காலடியில் பழைய எண்ணெய் ஊற்றிப் புல்லைக் கருக்கிப் போட்ட கோடு இன்னும் தெரிந்தது. முன்னால் நேர்ப்பாதை. அதன் கடைசியில் கொட்டகையும் மிஸ் ஓராவின் கறுப்புத் துணியும். பனி அவற்றைத் தொட்டுத் தொட்டு அழித்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் டெல்ரோஸ் "நான் கிளம்பிட்டேண்டி!" என்று கத்தியது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "பொறுமையாக் குடுடி, முட்டி போயிடும்!" என்று வின்சோமின் குரல். இருவரின் சிரிப்பும் பனிக்குள் பஞ்சுபோல அமுங்கிப்போயிற்று. பிறகு வின்சோம் மட்டும் நடந்திருப்பாள். கார்மெட்டாவின் கோட்டில் குனிந்து குச்சியைக் கிடத்தியிருப்பாள். குறுக்கே புல்வெளி வழியாகக் கொட்டகைக்குத் திரும்பிவிடுவாள். அப்படித்தான் ஏற்பாடு.

ஜசிந்த் இடது காலை முன்வைத்து, வலது கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிந்து. முப்பது வருஷமாகியும் உடம்பு மறக்கவில்லை.

கொட்டகை மறைந்தது. மாமரங்கள் மறைந்தன. தன் செருப்பின் நுனியைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மரங்கள் சொட்டுவது நின்றுவிட்டிருந்தது.

பின்னால், வளைவின் அந்தக் கோடியில், ஏதோ ஈரப்புல்லில் இழுபட்டது.

வின்சோமின் கால்தான், முழங்கால் வலியில் இழுத்து நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வின்சோம் இந்தப் பக்கம் வரவேண்டியதில்லை.

ஒரு அடி ஊன்றும். மறு அடி இழுபடும். ஊன்றும். இழுபடும்.

ரப்பர் அடியில் சேறு உறிஞ்சி விடுபடும் சத்தம். ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சத்தம்.

திரும்பாதே. கிழவி சொன்னதும் கோச் சொன்னதும் ஒரே பேச்சாக அவள் காதுக்குள் ஓடியது. திரும்பாதே, திரும்பாதே. திரும்பாமலிருப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரி யார்?

காற்றில் ஒரு வாசனை வந்தது. ஓடுவதற்கு முன்னால் தொடையில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. அதோடு, அப்போதுதான் பிடுங்கிய வெங்காயத்தாளின் வாசனை.

இழுபட்ட கால் இழுபடுவதை நிறுத்தியது.

இப்போது இரண்டு காலும் ஊன்றின. ஒரே அளவாக. இன்னும் வேகமாக. நடையாக இருந்தது ஓட்டமாயிற்று. பூட்ஸின் சத்தம் போய்விட்டது. வெறுங்கால், முன்பாதம் மட்டும் தொட்டுத் தொட்டுப் பறந்து வரும் அந்தச் சத்தத்தை ஆயிரம் பேர் நடுவிலும் ஜசிந்த் அடையாளம் சொல்வாள். வளைவை வெட்டிக்கொண்டு வருகிற ஓட்டம் அது. மூச்சு கேட்டது. ஈர மண் தெறித்து அவள் கெண்டைக்காலில் பட்டது.

"கை!"

அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை.

கை நீட்டித்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலுக்கு அது இன்னும் ஒரு விரற்கடை பின்னால் போயிற்று, அவளைக் கேட்காமலே. உள்ளங்கையில் குச்சி வந்து அழுத்தி விழுந்தது. விரல்கள் மூடிக்கொண்டன.

குச்சி ஈரமாக இருந்தது. அதைவிட, பிடித்திருந்த கையின் சூடு அதில் இன்னும் இருந்தது.

இப்போது ஓட வேண்டும். திரும்பாமல் ஓடினால் போதும், எல்லைக்கோட்டைத் தாண்டிவிடலாம். கிழவி சொன்னபடியும் ஆகும், கோச் சொன்னபடியும் ஆகும். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவள் அங்கேயே நின்றுவிடுவாள். சந்தையில் நின்றதுபோல.

ஜசிந்தின் கால் எழவில்லை.

அவள் திரும்பினாள்.

"என்னடி, கார்மெட்டா?" என்றாள்.

பனியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. புல் மட்டும், அவளுக்கு நேர் எதிரே, இரண்டு பாதம் அளவுக்கு அமுங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுங்கியது மெதுவாக நிமிர்ந்தது.

"சொல்லுடி. என்ன?"

மரங்கள் மறுபடியும் சொட்டத் தொடங்கின.

அவள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது டெல்ரோஸ்தான் முதலில் பார்த்தாள். ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அது எப்படி உன் கையில?"

"நான் அங்க கீழ வச்சேன்," என்றாள் வின்சோம். குரல் உடைந்தது. "கோட்டுலதான் வச்சேன். வச்சுட்டு நேரா இங்கதான் வந்தேன். டெல்ரோஸ், நீ பாத்தேதானே? சொல்லுடி!"

டெல்ரோஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மிஸ் ஓரா மெதுவாக எழுந்து வந்து, ஜசிந்தின் கெண்டைக்காலில் தெறித்திருந்த செம்மண்ணைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"குரல் கேட்டுச்சா?"

"கேட்டுது."

"பதில் குடுத்தியா?"

"குடுத்தேன், மிஸ் ஓரா."

"ஓ," என்றாள் கிழவி. கோபமே இல்லாமல், ஒரு குழந்தையைக் கேட்பதுபோலக் கேட்டாள். "இப்ப மட்டும் கேட்டுச்சாம்மா?"

ஜசிந்த் தரையைப் பார்த்தாள். பள்ளியில் நானூறு பிள்ளைகளிடம் நிமிர்ந்து நில் என்று சொல்கிறவள், கழுத்தை நிமிர்த்த முடியாமல் நின்றாள். கன்னமும் காதும் எரிந்தன. வின்சோம் புரிந்துகொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது இன்னும் மோசமாக இருந்தது.

"நீ ராத்திரி எங்க முற்றத்துக்கு வரவேணாம்," என்றாள் மிஸ் ஓரா. "கோவிச்சுக்கிட்டுச் சொல்லல. ஊரே கூடிப் பாடி அவளை அனுப்பப் போறோம். அவ உன் பின்னால போயிட்டா நாங்க யாரை அனுப்புறது? நீ வீட்டுக்குப் போ. அவளுக்கு எது இஷ்டமோ அது."

"நான் பேசறதா இருந்துச்சே…"

"இனிமே என்ன பேசுவே?"

நால்வரும் காருக்கு நடந்தார்கள்; மற்றவர்கள் முதலில் ஏறிக்கொண்டார்கள். ஜசிந்த் முன்கதவில் கை வைத்தாள். உள்ளேயிருந்து பூட்டு விழும் சத்தம் கேட்டது. டெல்ரோஸ் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள். பாவம், அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"தப்பா நினைக்காதடி. பின்னால மிஸ் ஓரா, வின்சோம், அந்த ரொட்டி மூட்டை வேற… வண்டி தாங்காது. ரோட்டுக்குப் போனா டாக்ஸி வரும், ம்?"

"பரவால்ல," என்றாள் ஜசிந்த். "நான் போய்க்கிறேன்."

இன்னும் இருட்டவில்லை. மேட்டுச் சாலையில் பனி விலகி, மேற்கே கொஞ்சம் வெளிச்சம்கூட வந்திருந்தது. அந்த நிம்மதியில் ஜசிந்த் கையைக் காட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினாள். ஊருக்கு ஊர் ஆளேற்றிக்கொண்டு போகிற சாதாரண டாக்ஸி. பின்னிருக்கையில் ஒரு ஓரமாகத் தச்சுவேலைக்காரர் ஒருவர், மடியில் கருவிப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஜசிந்த் மறு ஓரத்தில் ஜன்னலையொட்டி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பதில் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள். பிந்தித்தான் சொன்னோம், ஆனாலும் சொல்லிவிட்டோம்.

அடுத்த திருப்பத்தில் மூட்டையோடு ஒரு பெண் கைகாட்டினாள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி வழியே பின்னிருக்கையைப் பார்த்தான்.

"இடம் இல்லம்மா. அடுத்த வண்டியில வாங்க," என்று கத்திவிட்டுப் போய்விட்டான்.

அந்தச் சாலையில் எந்த டாக்ஸிக்காரனும் இடம் இல்லை என்று சொல்லி ஜசிந்த் கேட்டதே இல்லை. நான்கு பேர் இருக்கையில் ஆறு பேரை அடைத்து, "நெருக்கி உக்காருங்க, எல்லாரும் சொந்தக்காரங்கதானே" என்று சிரிக்கிற ஆட்கள் அவர்கள். அவளுக்கும் தச்சருக்கும் நடுவே ஒரு முழு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அவள் அந்த இடத்தைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள்.

தச்சர் சங்கடமாகத் தொண்டையைக் கனைத்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் போலக் கடைசியில் அவள் பக்கம் குனிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டு பேருக்கும் ஏதோ மனத்தாங்கல்னு நினைக்கிறேன். இருந்தாலும், ஏறினதிலிருந்து உங்களை எத்தனை தடவ கூப்பிடறாங்க இவங்க? ஒரு தடவயாவது என்னன்னு கேக்கக் கூடாதா?"

ஜசிந்த் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். டயர் ஓடும் சத்தம் கேட்டது. காற்று கேட்டது. உடம்பெல்லாம் காதாக்கிக்கொண்டு கேட்டாள். வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

"என்ன… என்ன சொல்றாங்க?" என்றாள்.

தச்சர் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுமையாகக் காது கொடுத்தார். பிறகு, இரக்கத்தோடு ஜசிந்தைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லம்மா. உங்க பேரைத்தான்."